தேர்ந்தெடுப்பவனின் நியாயம்

வாரத்திற்கு ஒரு படம், நாற்பது பேருக்கு. எந்தப் படம் என்று ஒருவன் தீர்மானிக்கிறான். அவனை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கான பட்டமோ பயிற்சியோ அவனிடம் கிடையாது. பெரும்பாலும் பகலில் வேறெங்கோ சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன். பிறத்தியாருடைய சனிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரத்தை வாங்கிக்கொண்டு, அதில் 1953-ல் ஜப்பானில் எடுக்கப்பட்ட ஒரு குடும்பக் கதையை நிரப்புவதற்கு அவனுக்கு என்ன நியாயம் இருக்கிறது? திரைப்படச் சங்கங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்த டைரக்டர், எந்த நாடு, எத்தனை உறுப்பினர்கள் என்று எழுதுகிறார்கள். இந்தக் கேள்விப் பக்கம் வருவதில்லை. எங்கள் ஊர் வாசகசாலை மாடியில் மூன்று வருஷங்களாகச் சனிக்கிழமைதோறும் படம் போடுகிற ஐந்து பேரில் நானும் ஒருவன். எனக்கு இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

நெடுங்காலம் இதற்கு ஒரு நல்ல பதில் இருந்தது. வேறு எங்கேயும் பார்க்க முடியாது என்பதுதான் அந்தப் பதில். 1925-ல் லண்டனில் ஃபிலிம் சொசைட்டி தொடங்கியபோதும் அதுதான் பதில். 'போர்க்கப்பல் பொடம்கின்' படத்தை பிரிட்டிஷ் தணிக்கைக்காரர்கள் 1926-ல் மறுத்தார்கள். 1929-ல் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் மட்டும் அதைப் பார்த்தார்கள், ஐசன்ஸ்டைனே வந்திருந்தார். பொதுமக்கள் பார்க்க 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்திலும் கதை இதுவே. 1947-ல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தாவில் ஆரம்பித்தார்கள். சென்னையில் 1957. 1959-ல் கல்கத்தா, டில்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்க்கி என்று ஆறு ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து சம்மேளனம் ஒன்றை அமைத்தன, ராய் அதன் முதல் தலைவர். 1964-ல் புனேயில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் வந்த பிறகு அங்கிருந்து பதினாறு மில்லிமீட்டர் பிரதிகள் தகரப் பெட்டிகளில் ஊர் ஊராகப் போயின. தூதரகங்களும் கொடுத்தன. காலையில் ரயில் பார்சலில் பெட்டி வரும், மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்று எனக்கு முந்தைய தலைமுறைக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றிரவு பார்க்காதவன் ஆயுளில் அதைப் பார்க்கப் போவதில்லை. இந்த நிலையில் தேர்ந்தெடுப்பவன் என்று உண்மையில் யாருமே இல்லை. பெட்டியில் வந்தது படம். அதை யார் தலையில் கட்டினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. தணிக்கையிலிருந்து சங்கங்களுக்கு விலக்குக் கிடைத்தது, உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டுவது என்ற நிபந்தனையின் பேரில். கத்தரிக்கோல் உள்ளே வராமல் இருக்க வேண்டுமானால் தெருவும் உள்ளே வரக்கூடாது. கலையின் சுதந்திரத்துக்கும் கதவின் தாழ்ப்பாளுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் ஏற்பட்டுவிட்டதைப் பற்றி அந்த நாட்களின் முன்னோடிகள் அதிகம் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை. எழுபதுகளில் நகரங்களில் உறுப்பினர் பட்டியல்கள் வீங்கியதற்குக் காரணம் பெர்க்மனின் கடவுள் விசாரம் அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெட்டப்படாத படத்தில் வெட்டப்படாத உடம்பு தெரியும் என்று வந்தவர்கள் ஏராளம். அவர்களைப் பற்றிய கேலி இன்றுவரை ஓயவில்லை. எனக்கு அவர்கள் பேரில் அவ்வளவு கோபம் இல்லை. ஏன் வந்தோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சந்தா கட்டிவிட்டு, வரிசையில் நின்று, எதிர்பார்த்தது வரும் வரையில் ஸ்வீடனின் பனியையும் மௌனத்தையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பத்துப் பேருக்காவது அந்த மௌனம் பிறகு நினைவில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தான் உயர்ந்த ரசனைக்காரன் என்று காட்டிக்கொள்ள வந்தவனைவிட இவர்கள் மேல்.

பற்றாக்குறைக்கு இன்னொரு முகமும் உண்டு. படச்சுருள் பார்க்கப் பார்க்கத் தேய்கிற பொருள். ஒவ்வொரு ஓட்டத்திலும் கீறல் விழும், ஓரத்துத் துளை கிழியும். 1936-ல் பாரிஸில் ஃப்ரான்ஷூவோடு சேர்ந்து சினிமாதேக்கைத் தொடங்கிய ஆன்ரி லாங்லுவா, படம் காட்டப்பட்டால்தான் உயிரோடு இருக்கும் என்று நம்பியவர். இருப்பதையெல்லாம் காட்டினார். லண்டன் காப்பகத்தின் எர்னஸ்ட் லிண்ட்கிரென் நேர் எதிர். கையில் ஒரே பிரதி இருந்தால் அதை இயந்திரத்தில் ஏற்றக்கூடாது, இன்றைய பார்வையாளனைவிட இன்னும் பிறக்காத பார்வையாளனுக்குத் தான் அதிகம் கடன்பட்டிருப்பதாக அவர் எண்ணினார். இந்தத் தகராறை இரண்டு மனிதர்களின் சுபாவ பேதமாகச் சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு இது சரியான தர்மப் பிரச்னையாகவே படுகிறது. நீ பார்ப்பது இன்னொருவன் பார்க்க முடியாமல் போவதற்குக் காரணமாகிறது என்றால் உன் பார்வைக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. புனேயில் பி.கே. நாயர் இரண்டு பக்கமும் நின்றார். கிடைத்ததையெல்லாம் சேர்த்தார், சேர்த்ததை ஊர்களுக்கு அனுப்பவும் செய்தார். சேர்க்காததன் நஷ்டம் என்ன என்று தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் முதல் பேசும் படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' (1931) இன்று எங்கும் இல்லை. 'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகடிவே 1993-ல் லண்டனில் ஒரு லாபரட்டரித் தீயில் கருகியது. கருகியதில் எஞ்சியதையும் வேறு பிரதிகளையும் வைத்துச் சீர்செய்த வடிவம் 2015-ல்தான் வந்தது.

இன்று அந்த வடிவம் யார் செல்பேசியிலும் ஓடும். எத்தனை முறை ஓடினாலும் தேயாது. ஒருவர் பார்ப்பதால் இன்னொருவருக்குக் குறைவதில்லை. ரயில் பார்சல் இல்லை, பெட்டி இல்லை, தாழ்ப்பாளுக்கும் வேலையில்லை. பழைய பதில் செத்துப் போயிற்று. செத்துப்போன பிறகும் நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமை ஆறரை மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, சுவரில் எட்டு முழ வேட்டியை ஆணியடித்துக் கட்டிவிட்டு, ஜனங்களை வா என்று கூப்பிடுகிறோம். எதற்காக?

பயன் கருதிய பதில் ஒன்று உண்டு. அதை எங்கள் கூட்டத்திலேயே அடிக்கடி கேட்கிறேன். கல்கத்தாச் சங்கம் இல்லாவிட்டால் ராய் ஏது, லாங்லுவாவின் அரங்கில் கிடக்காவிட்டால் த்ரூஃபோவும் கோடாரும் ஏது, 1965-ல் திருவனந்தபுரத்தில் 'சித்ரலேகா' தொடங்கியதன் தொடர்ச்சிதானே அடூரின் 'சுயம்வரம்' (1972) என்று. நம் பங்குக்கு 1952-ன் சர்வதேசத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்ததையும், குரோசாவாவின் 'ராஷோமோன்' பாதிப்பில் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' (1954) எடுத்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் நிஜம். ஆனால் இந்தக் கணக்கில் நாற்பது பேரில் ஒருவன் மட்டும்தான் மனிதன், மற்ற முப்பத்தொன்பது பேரும் அவன் முளைப்பதற்கான எரு. படம் எடுக்கப் போகாத தையற்காரிக்கும் ஓய்வுபெற்ற தபால்காரருக்கும் அது என்ன என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

மற்றது ஆசிரியரின் பதில்: ஜனங்களின் ரசனையை உயர்த்துகிறோம். இதைச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. உயர்த்துகிறவன் மேலே நிற்கிறான் என்பதை அந்த வார்த்தையே ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஆனால் இந்தப் பதிலின் மிகச் சிறந்த உதாரணத்தை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். அந்த உதாரணம் ஹெக்கோடு. கர்நாடகத்தில் சாகர் பக்கம், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்னக் கிராமம். 1949-ல் அங்கே தொடங்கிய நீநாஸம் என்ற நாடகக் குழுவோடு 1973-ல் ஒரு திரைப்படச் சங்கமும் சேர்ந்தது. கே.வி. சுப்பண்ணா என்ற பாக்கு விவசாயியும் எழுத்தாளருமான மனிதர் அதன் உயிர். எழுபதுகளின் பிற்பகுதியில் உலகத்தின் நல்ல படங்களைக் கிராமத்து ஜனங்களின் முன் வைத்தார்கள், புனே காப்பகத்தின் துணையோடு. 1991-ல் சுப்பண்ணாவுக்கு மக்ஸசே விருது கிடைத்தது. விவசாயிகளும் குரோசாவாவை ரசித்தார்கள் என்று ஆச்சரியத்தோடு எழுதுகிறார்கள். அந்த ஆச்சரியம்தான் எனக்குக் கசக்கிறது. அவர்கள் ரசித்ததில் அதிசயப்பட என்ன இருக்கிறது? சுப்பண்ணா அந்த ஊர்க்காரர். மறுநாள் காலையில் அதே ஜனங்களோடு அதே சந்தையில் நிற்க வேண்டியவர். படம் பிடிக்கவில்லை என்றால் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் அவரால் தப்ப முடியாது. ஹெக்கோட்டின் விசேஷம் படங்களில் இல்லை, அங்கே இருக்கிறது என்பது என் அபிப்ராயம்.

எங்கள் மாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் போடும் படங்களின் அடியில் ஆங்கிலத்தில் வசனம் ஓடும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது உதவாது. ஆகவே எங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தமிழில் சத்தமாகப் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. ஊமைப்பட நாட்களில் நம் கொட்டகைகளிலும் திரையருகே நின்று கதை சொல்ல ஆள் இருந்தார். ஜப்பானில் அது ஒரு பெரிய தொழில், பென்ஷி என்று பெயர். குரோசாவாவின் அண்ணன் ஒரு பென்ஷி. பேசும் படம் வந்து அந்தத் தொழில் அழிந்துகொண்டிருந்தபோது, 1933-ல், தற்கொலை செய்துகொண்டார். படிக்கிறவருக்கு உள்ள கஷ்டம் பெரிதாக வெளியே தெரியாது. ஆங்கிலத்தில் 'யூ' என்று ஒரு சொல் ஓடுகிறது. அது நீயா, நீங்களா? அரை விநாடியில் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்த அந்த நிமிஷத்தில் அந்தப் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும், அந்த அப்பாவுக்கும் மகனுக்கும் என்ன உறவு என்று அவர் தீர்ப்பளித்துவிடுகிறார். 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தில் சிறுவன் ப்ரூனோ அப்பனை 'நீங்க' என்று கூப்பிட்டான். இடைவேளையில் ஒரு பெண் எழுந்து, அந்தப் பையன் அப்படியெல்லாம் பேசுகிற பையன் இல்லை, அப்பனோடு சமமாக நடக்கிறவன், 'நீ' என்றுதான் சொல்லுவான் என்றாள். இரண்டாம் பாதியில் மாற்றினோம். கடைசியில் பையன் அப்பன் கையைப் பிடித்துக்கொள்கிற இடத்தில் படிக்க ஒன்றும் இல்லை.

'டோக்கியோ ஸ்டோரி' நூற்று முப்பத்தாறு நிமிஷம். ஆறேமுக்காலுக்குத் தொடங்கினால் ஒன்பதைத் தாண்டும். சுற்றுக் கிராமங்களுக்குக் கடைசிப் பஸ் ஒன்பது மணிக்கு. எட்டரையிலிருந்தே ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தாயார் சாவதற்கு முன்னமே பாதி நாற்காலி காலி. இவங்களுக்குப் போய் ஓஸுவைப் போட்டோமே என்று என் நண்பர் ஒருவர் முணுமுணுத்தார். இந்த முணுமுணுப்புத்தான் நம் இலக்கிய வட்டத்தின் தேசிய கீதம். போகிறவன் தோற்றவன், இருக்கிறவன் ஜெயித்தவன். அடுத்த வாரம் தபால்காரர், பஸ்ஸுக்குப் போனவர்களில் ஒருவர், என்னைக் கேட்டார்: "அந்தக் கெழவி போய்ச் சேந்திருக்குமே, தம்பி? பக்கத்துல அந்த விதவை மருமகதான் இருந்திருக்கும்." அப்படித்தான் படத்தில் இருக்கிறது. பெற்ற பிள்ளைகள் சாவுக் காரியம் முடிந்ததும் ரயிலேறிவிட, போரில் செத்துப்போன மகனின் மனைவி நோரிகோதான் சில நாள் தங்கிவிட்டுப் போகிறாள். பாதியில் எழுந்தவர் மீதியை யூகித்துக்கொண்டே பஸ்ஸில் போயிருக்கிறார். நண்பர் முழுக்க உட்கார்ந்திருந்தார். காமிராவின் உயரத்தைப் பற்றிப் பேசினார்.

எழுந்து போகும் உரிமை இல்லாவிட்டால், நான் கொடுப்பதாக நினைக்கிற எதுவும் கொடை ஆகாது. ஆனால் பிரச்னை இத்துடன் தீர்வதில்லை. எந்த நிமிஷமும் எழுந்து போகலாம் என்றால், காலம் எடுத்துக்கொண்டு தன்னைக் காட்டுகிற எதையும் யாரும் பார்க்கவே முடியாது. செல்பேசியில் ஓஸுவை விட்டு வெளியேற ஒரு கட்டைவிரல் போதும். அங்கே ஓஸு தோற்பது நிச்சயம். மாடியில் எழுந்து போக வேண்டுமானால் நாலு பேர் முழங்காலைத் தாண்ட வேண்டும், வாசலில் நிற்கிற என்னைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரிக்க வேண்டும். இந்தச் சின்ன லஜ்ஜையின் பலத்தில்தான் பலர் முதல் அரை மணியைத் தாண்டுகிறார்கள், பிறகு படம் பார்த்துக்கொள்கிறது. இது மிருதுவானதொரு பலாத்காரம். இதை இல்லையென்று சொல்வது யோக்கியமாகாது. நான் கேட்பது, இதற்குச் சம்மதம் வாங்கியிருக்கிறோமா என்பதுதான். வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் கழற்றுகிறாரா?

நமக்கு இதற்கு வேறு ஒரு முன்மாதிரி இருந்தது. பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். ஜனங்கள் பாயோடு வருவார்கள். பாதிப் பேர் நடுவில் தூங்குவார்கள். துகில் உரிகிற கட்டம் வந்ததும் பக்கத்தில் இருக்கிறவள் தட்டி எழுப்புவாள். தூங்கியதால் கூத்துக்காரனுக்கு அவமானம் இல்லை, தூங்கியவனுக்கும் குற்ற உணர்வு இல்லை. எப்போது எழுப்ப வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருக்கிற பக்கத்து ஆள்தான் அங்கே விமர்சகன். கதை தெரிந்த கூட்டம் என்பதால் இது சாத்தியமாயிற்று என்று சொல்லலாம். ஆனால் தபால்காரருக்கு ஓஸுவின் கதையும் தெரிந்துதானே இருந்தது?

இதையெல்லாம் நான் பொதுவாக யோசித்துக்கொண்டிருந்தேன். 'பைசைக்கிள் தீவ்ஸ்' எங்கள் மாடியில் ஓடிய வாரம் விஷயம் என் மேஜைக்கே வந்துவிட்டது. நான் ஒரு வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்காருகிறவன். அந்தப் படத்தின் ஆரம்பத்தில், அடகு வைத்த சைக்கிளை மீட்பதற்காக மனைவி மரியா கட்டிலிலிருந்து படுக்கை விரிப்புகளை உருவுகிறாள். அவற்றை அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். விரிப்பு மூட்டையை ஒரு சிப்பந்தி தூக்கிக்கொண்டு தட்டுத் தட்டாக ஏறிப்போகிறான். கூரை வரைக்கும் மூட்டைகள். ரிச்சி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். விமர்சனப் புத்தகங்களில் இந்த இடம் தவறாமல் வரும். நானும் படத்துக்கு முன் ஐந்து நிமிஷம் பேசியபோது நியோரியலிசம், ஸவாட்டினி, தெருவிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் பிடித்துவந்த நடிகர்கள் என்று உரிய சாமான்களையெல்லாம் இறக்கினேன். ரிச்சியாக நடித்த மாஜிரானி ஆலைத் தொழிலாளி என்பதையும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை, சனிக்கிழமைக் கூட்டத்தில் வழக்கமாக வருகிற அந்தத் தையற்காரி கவுண்டரில் நின்றாள். ஒரு சங்கிலிக்கு வட்டி கட்டிப் புதுப்பிக்க வந்திருந்தாள். பின்னால் நாலு பேர். "சார், அந்தப் படத்துல ஒரு ஆளு மூட்டையைத் தூக்கிக்கிட்டு மேல மேல ஏறினாரே. எங்க நகையும் அப்படித்தான் எங்கயாச்சும் இருக்குமா?" என்றாள். இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கும் என்றேன். "பத்திரமாத்தான் இருக்கும். எத்தனை பேரோடதுன்னு கேட்டேன்" என்றாள்.

அந்தக் காட்சியைப் பற்றி நான் படித்த எதிலும் இதைவிடச் சுருக்கமான விமர்சனம் இல்லை. டி சிகா அந்த ஆளை மேலே மேலே ஏறவிட்டது எண்ணிக்கைக்காகத்தான். ரிச்சி தன் மூட்டையைத் தேடவில்லை, மற்ற மூட்டைகளைப் பார்க்கிறான். ஆனால் நான் சொல்ல வருவது அவளுடைய நுண்ணுணர்வைப் பற்றி அல்ல. விவசாயியும் குரோசாவாவை ரசித்தான் என்ற அதிசயப் பட்டியலில் இன்னொரு வரி சேர்ப்பதற்கு இதை எழுதவில்லை. அவள் அந்தப் படத்தை எடுத்து என் பக்கம் திருப்பினாள். சனிக்கிழமை அவளுக்காகத் தேர்ந்தெடுத்தவன், செவ்வாய்க்கிழமை மூட்டையோடு ஏறுகிற ஆள். துணிப்பையில் போட்டு, அட்டை கட்டி, எண் எழுதி, உள்ளே கொண்டுபோய் வைக்கிறவன். தவணை தவறினால் பேப்பரில் வருகிற ஏல அறிவிப்பில் அந்த எண்ணைச் சேர்க்கிறவனும் நான்தான். இதுவரை அவளிடம் ஒரு நிறையும் ஒரு தொகையுமாக மட்டும் பேசியிருக்கிறேன். அன்று எத்தனை பேருடையது என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாதென்று விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் எனக்கு எண்ணிக்கை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதற்கு முன் தோன்றியதில்லை.

ஆக, தேர்ந்தெடுப்பவனின் நியாயம் அவன் ரசனையின் உயரத்திலிருந்து வருவதில்லை என்று நினைக்கிறேன். அவன் தேர்ந்ததின் முன்னால் மற்றவர்களோடு தானும் உட்கார்ந்திருக்கிறானா, அவர்கள் அதை வைத்துத் தன்னைப் பார்ப்பதற்கு இடம் கொடுக்கிறானா என்பதிலிருந்தே வர முடியும். இப்போது இயந்திரமும் நமக்காகத் தேர்ந்து தருகிறது. நீ இதைப் பார்த்தாய், ஆகவே இதையும் பார் என்கிறது. கெட்டிக்காரத்தனமாகவே தேர்கிறது, சில சமயம் என்னைவிட நன்றாக. அதனிடம் எனக்குள்ள ஆட்சேபம் ரசனை சம்பந்தமானது அல்ல. அது நாற்காலியில் உட்காருவதில்லை. செவ்வாய்க்கிழமை அதை எந்தக் கவுண்டரிலும் பிடிக்க முடியாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்திருப்பதால் மட்டும் நியாயம் வந்துவிடுமானால், மோசமான படத்தைப் போட்டுவிட்டுக் கூடவே உட்கார்ந்திருக்கிறவனுக்கும் அதே நியாயம் உண்டே? உண்டுதான். எல்லாப் படமும் ஒன்றுதான் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஓஸு மேலானவர், அதில் ஓட்டெடுப்புக்கு இடமில்லை. ஆனால் மேலானதைத் தெரிந்திருப்பது ஒன்று, அதைப் பிறர் மேல் பிரயோகிப்பதற்கான அதிகாரம் வேறொன்று. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பதுதான் நம் வியாதி. நம் என்று சொல்வது இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களையும் சேர்த்துத்தான். முன்னூறு பிரதி அச்சடித்து, இரண்டாயிரம் கவிதைகளில் பன்னிரண்டைத் தேர்ந்து, கேட்காதவர்களுக்குத் தபாலில் அனுப்புகிற நாமும் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று கதவில் எழுதிவைத்தவர்கள்தான். நம் கதவைச் சாத்தச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. வாசகர் குறைவு என்பதைக் குறையாகச் சொல்லும்போதே குரலில் ஒரு பெருமை தட்டுகிறது. வெளியே தெருவில் நிற்கிற ஒருவர், நீ தேர்ந்த இந்தக் கவிதையில் உன்னை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடாகவும் சிறுபத்திரிகை இருந்து வந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சந்தேகம்தான். அதன் சாதனைகளை மறுக்கவில்லை.

போன மாதம் மாடிக்கு வருகிற பெண்கள் சிலர் ஒரு வாரம் தாங்கள் சொல்லும் படத்தைப் போட வேண்டும் என்று கேட்டார்கள். 'பாசமலர்' (1961). எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேர் கூடவே கூடாது என்றார்கள். கொட்டகையிலும் டெலிவிஷனிலும் நூறு தடவை வந்ததை இங்கே போடுவதற்கு நாம் எதற்கு என்பது அவர்கள் வாதம். அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. நான் போடலாம் என்ற பக்கம். மூன்றுக்கு இரண்டு. எதிர்த்தவர்களில் ஒருவர் அதோடு வருவதை நிறுத்திவிட்டார்.

அன்று மாடி கொள்ளவில்லை. படியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பீம்சிங்குக்கு எதையும் சொல்லாமல் விடத் தெரியாது. இங்கே அழு, இங்கே இன்னும் அழு என்று படம் நம் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கிறது. கூட்டம் சந்தோஷமாகக் கீழ்ப்படிந்தது. சாவித்திரி சில இடங்களில், யாரும் உலுக்காத இடங்களில், மிக நன்றாகச் செய்திருக்கிறார். கடைசி அரை மணி எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போக நினைத்தேன். நாலு பேர் முழங்காலைத் தாண்ட வேண்டும், வாசலில் தையற்காரி நிற்கிறாள். உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தபால்காரர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சி வந்தபோது அவரை எழுப்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையிலிருந்து யாரோ ஒரு அம்மாள் திரும்பி, எழுப்புங்க அவரை, என்றார்.

அடுத்த சனிக்கிழமை 'ராஷோமோன்'. எண்பத்தெட்டு நிமிஷம்தான், பஸ்ஸுக்கு இடைஞ்சல் இல்லை. நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிற கதையை ஒரே குரல் படிப்பதா, நாலு குரல் படிப்பதா என்று முடிவாகவில்லை. தையற்காரி தான் ஒன்று படிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. புதன்கிழமை மாலைக்குள் நான் வசனத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தப் பாத்திரம் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.